கொக்கி மட்டும் பாக்கி

"கொக்கி மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்று, தலையை நிமிர்த்தாமல், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொல்லி முடித்த பிறகுதான், கேட்ட குரல் வெள்ளத்தாயுடையது என்பதும், வெள்ளத்தாயைப் போன வாரம்தான் ஓடைக்கரையில் அடக்கம் செய்தார்கள் என்பதும், அந்தச் சாவு வீட்டில் தானும் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்ததும் ஜெயக்கனிக்கு நினைவு வந்தது.

மிஷின் சக்கரம் கை விட்ட பிறகும் கொஞ்சம் சுற்றி நின்றது. வாசலில் நின்ற வெள்ளத்தாய், "சரி தாயி, நாளைக்கு வாரேன்" என்று சொல்லி, முந்தானையை முதுகோடு சேர்த்து இறுக்கிப் போர்த்திக்கொண்டு, தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிற பெண்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, தெற்கே பார்த்து நடந்து போனாள். தீக்குச்சி மருந்து வாடையோடு வந்த அந்தப் பெண்களில் ஒருத்தி, பழக்கத்தில், "என்ன சித்தி, ஜாக்கெட்டு வாங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் போன பிறகு நின்று திரும்பிப் பார்த்தாள்.

தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டின் ஓரத்துக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்த சீனித்தாய், ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்தினாள்.

"மதினி, நாளைக்குன்னு சொல்லிட்டியளே."

"வாய்ல வந்துருச்சு சீனி."

"வந்துருவாகளே."

"செத்தவ எதுக்கு வாரா."

"இன்னைக்கு எதுக்கு வந்தாகளோ அதுக்குத்தான்."

அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறோம் என்று ஜெயக்கனிக்கே தெரியாது. துணி வெட்டாமல் அலமாரியில் கிடந்தாலும், வெட்டிக் கை இணைக்காமல் கிடந்தாலும், யாருடைய துணி எந்தப் பைக்குள் இருக்கிறது என்றே தெரியாமல் தேடிக்கொண்டிருந்தாலும், கேட்டவர்களுக்கு அவள் சொன்னது கொக்கி மட்டும்தான் பாக்கி என்பதைத்தான். கோவில்பட்டியில் தைக்கிற எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் அதை நம்புவதில்லை. நாளைக்கு என்றால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றால் திருவிழாவுக்கு முந்தின நாள் என்று அவர்களாகவே தள்ளிவைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விடுவார்கள். வெள்ளத்தாய் நம்பினாள். மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதியதும் வந்து நின்றாள்.

சீனித்தாய் ஜெயக்கனியின் நாத்தனார். முறுக்குக் கடை வேலைக்கென்று சூரத் போன ஜெயக்கனியின் புருஷனுக்கு அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டது என்று தகவல் வந்த அன்று, அதற்கு முன்பே தன் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து அண்ணன் வீட்டில் இருந்த சீனித்தாய், அண்ணனின் கட்டிலைக் கழற்றி வாசலில் சாத்திவிட்டு, "இந்த எடத்துல ஒரு மிஷினப் போடுவோம் மதினி" என்றாள். கட்டில் போய்ப் பழைய மிஷின் ஒன்று வந்தது. ஜெயக்கனிக்கு வெட்டவும் தைக்கவும் வரும், கொக்கி வைக்கிற பொறுமை கிடையாது. சீனித்தாய்க்கு மிஷினில் கால் ஒத்துவராது, ஆனால் அவள் வைத்த கொக்கி, துணி நைந்து கிழிந்தாலும் பிய்ந்து வராது. இரண்டு பேர் பெயரையும் சேர்த்துத் தகரத்தில் 'ஜெயசீனி லேடீஸ் டைலர்' என்று எழுதச் சொன்னபோது, எழுத வந்த பெயிண்டர் அது எந்தப் படத்தில் நடித்த நடிகை என்று கேட்டான். முன்னறை கடை, பின்னறை வீடு. தாளிக்கிற வாடை பட்டுத்துணியில் ஏறாமல் இருக்க நடுவில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டினார்கள். மீன் வாங்குவதை விட்டார்கள். சீனித்தாய் ஊசியை இடது தோளில், முந்தானை மடிப்பில்தான் குத்தி வைத்திருப்பாள், படுக்கும்போதும் எடுக்கமாட்டாள். குத்தாதா என்று கேட்டால், "என்னைய அதுக்குத் தெரியும்" என்பாள்.

வெள்ளத்தாய் வரத் தொடங்கிய சில நாட்களில், ஆடிக்காற்று அவள் முந்தானையைத் தூக்கியபோது, அவள் எதற்காக வருகிறாள் என்பதைத் தெரு பார்த்தது. உயிர் போய் விறைத்த உடம்புக்கு நேராக ஜாக்கெட் போட முடியாது. முதுகில் மேலிருந்து கீழ்வரை கத்தரியால் வெட்டி, முன்பக்கமாகக் கைகளை நுழைத்து, இரண்டு பக்கத்தையும் முதுகுக்கு அடியில் செருகிவிடுவார்கள். படுத்திருக்கிறவளுக்கு அது போதும். எழுந்து நடக்கிறவளுக்குப் போதாது. வெள்ளத்தாயின் முதுகு நடுவே திறந்து கிடந்தது, அவள் கையை வளைத்து அதை மூட முயன்றுகொண்டே இருந்தாள். அவள் சாவதற்கு முன்பு தைக்கக் கொடுத்த பச்சை ஜாக்கெட், கையும் கழுத்தும் முடிந்து, நிஜமாகவே கொக்கி மட்டும் பாக்கியாக, அலமாரியில் மடித்து இருந்தது.

"வச்சுக் குடுத்துருவோம் மதினி" என்று சீனித்தாய் கொக்கி டப்பாவை எடுத்து மடியில் வைத்துத் திறந்தபோதுதான் காளிராஜ் வந்தான். வெள்ளத்தாயின் ஒரே மகன். ஆத்தா செத்த அன்று திருப்பூரிலிருந்து பஸ் ஏறி, வழியில் பஸ் பழுதாகி, வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்காத மகன். வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினான்.

"யக்கா, ஒரு உதவி. கொக்கி வைக்காதிய."

"ஏம்ப்பா?"

"குடுத்துட்டா வரமாட்டாகல்ல. ஒரு நாலு நாள் மொகத்தப் பாத்துக்கிடுதேன்."

ஜெயக்கனி சீனித்தாயைப் பார்த்தாள். சீனித்தாய் டப்பாவை மூடினாள். மூடும்போது உள்ளே கொக்கிகள் சரிந்த சத்தத்தை, அதற்குப் பிறகு வந்த எத்தனையோ நாட்களில், ஜெயக்கனி காரணமில்லாமல் நினைத்துக்கொண்டாள்.

காளிராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வாசலில் போட்டான். வெள்ளத்தாய் அதில் உட்காரவில்லை. அவன் அதில் உட்கார்ந்து, வருகிற ஆத்தாவைப் பார்த்தான், நிற்கிற ஆத்தாவைப் பார்த்தான், போகிற ஆத்தாவைப் பார்த்தான். "ஆத்தா" என்று கூப்பிட்டால், பஸ்ஸில் இடம் கேட்கிற அந்நியனைப் பார்ப்பதுபோல அவள் அவனைப் பார்த்துவிட்டு, ஜெயக்கனியிடம் திரும்பி, "ஆயிருச்சா தாயி?" என்பாள். அவளுக்கு மகனைத் தெரியவில்லை. நாளைக்கு வா என்று சொன்னவளை மட்டும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு, துணி கொடுத்துவிட்டுச் செத்த இன்னொருத்தி வந்தாள், பிரசவத்தில் போன ஒருத்தி வந்தாள், சங்கு ஊதியதும் தெற்கேயிருந்து முதுகைப் போர்த்திக்கொண்டு வருகிறவர்களைப் பார்ப்பது தெருவுக்குப் பழகிப்போனது. லாரித் தண்ணீர் வருகிற நாட்களில் குடம் வைத்து வரிசை போட்டிருக்கிற பெண்கள், அவர்கள் குறுக்கே போவதற்கு ஒரு குடம் அளவு இடைவெளி விட்டார்கள். பஜ்ஜி போடுகிறவர் தள்ளுவண்டியைக் கடைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டார், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க விடுகிற நேரம் போலச் சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் வியாபாரம் நடக்கத்தானே செய்யும். கம்மலை எந்த மகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னாய் என்று கேட்டு அக்கா தங்கை இருவர் தங்கள் ஆத்தாவை மறித்துக்கொண்டு நின்றார்கள். அவள் இருவரையும் விலக்கிவிட்டுக் கழுத்து இறக்கமாக வைக்க வேண்டாம் என்று ஜெயக்கனியிடம் சொன்னாள். ஊர்க்காரர்கள் பேயோட்டுகிற ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவர் உடுக்கையை அடிக்காமலே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "யாருக்கும் தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். அடுத்த வாரம் அவரே, படுக்கையில் கிடக்கிற தன் தாயாருக்கு என்று ஒரு துண்டுத் துணியோடு வந்தார். ஜெயக்கனி ஆண்களுக்குத் தைப்பதில்லை. அவளுக்குக் காலர் வராது. அதனால் ஆண்கள் யாரும் வரவில்லை. அதில் தெருவின் கிழவர்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது, கிழவிகளுக்கு இல்லை.

இப்படியாக வேலை பெருகியது. சீக்காளிகள் இருக்கிற வீட்டிலிருந்தெல்லாம் துணி வந்தது. அளவு ஜாக்கெட்டையும் புதுத் துணியையும் ஒரே பையில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குரலைத் தணித்து, "அவசரமே இல்லக்கா" என்றார்கள். "மத்ததெல்லாம் முடிச்சிருங்க. கொக்கி மட்டும் வேண்டாம்." தையல்காரியிடம் மெதுவாகத் தையுங்கள் என்று கேட்டு வந்த கூட்டம் உலகத்தில் அதுதான் முதல் கூட்டமாக இருக்கும். முன்னறையில் கயிறு கட்டி, கொக்கியில்லாத ஜாக்கெட்டுகளை மாட்டினார்கள். ஃபேன் போட்டால் எல்லாம் முன்பக்கம் திறந்து திறந்து மூடின. மிஷின் இன்னொன்று வந்தது, பின்சுவர் பூசியாயிற்று, மழைக்கு ஒழுகின ஓடு மாறியது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற முத்துச்செல்வி, துணி கொடுத்து நெடுநாளாக அலைகிறவள், வாசலில் நின்று, "செத்தாத்தான் ஒங்ககிட்ட ஜாக்கெட்டு கெடைக்கும்னு நெனச்சேன், செத்தாலும் கெடைக்காது போலயே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சீனித்தாய் முதலில் நிறுத்தினாள்.

"மதினி, அவுக காலப் பாத்தியளா?"

ஜெயக்கனி பார்த்திருந்தாள். வெள்ளத்தாயின் குதிகால், தினமும் ஓடைக்கரையிலிருந்து நடந்து நடந்து, பழைய செருப்பின் குதிபோல ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது. முதலில் தாயி என்று கூப்பிட்டவள் இப்போது ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆயிருச்சா என்பது மட்டும் மிச்சமிருந்தது, அதுவும் கேள்விபோல இல்லாமல் மூச்சு விடுவதுபோல வந்தது.

"பிள்ளைக கேக்குதுகல்ல சீனி. நாம என்ன செய்ய."

"பிள்ளைக உக்காந்து பாக்குதுக. நடக்கது யாரு?"

ஜெயக்கனி பாபினில் நூலைச் சுற்றினாள். மறுநாள் அவள் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, சீனித்தாய் அந்தப் பச்சை ஜாக்கெட்டை இறக்கிக் கொக்கி வைத்து, சங்கு ஊதியதும் வந்த வெள்ளத்தாயின் கையில் கொடுத்துவிட்டாள். ஜெயக்கனி தெருமுனையில் திரும்பும்போது வெள்ளத்தாய் அதைப் பையிலிருந்து எடுத்து, உள்பக்கத்தைப் புரட்டித் தையலைப் பார்த்து, புதுத்துணியை முகர்ந்து, "கழுத்து நல்லா வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு போனாள். அடுத்த நாள் வரவில்லை. காளிராஜ் இருட்டும்வரை நாற்காலியில் இருந்துவிட்டு, எழுந்து, நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டான்.

"இன்னும் ஒரு நாள் விட்டிருக்கலாம்ல யக்கா."

"ஒரு நாள்னுதான் எல்லாரும் சொல்லுதிய" என்றாள் சீனித்தாய்.

அன்றைக்கு ஜெயக்கனி கொக்கி டப்பாவை எடுத்து அரிசி டிரம்முக்குள், முழங்கை புதைகிற ஆழத்தில் வைத்தாள். கொக்கி கேட்டுத் துணி கொடுத்திருந்த உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பட்டன் வைத்துக் கொடுத்தாள். சீனித்தாய் டப்பா எங்கே என்று கேட்கவில்லை. சோறு வடிக்கும்போது ஒரு நாள் அவள் கை டிரம்முக்குள் எதையோ தொட்டு நின்றதையும், அதை எடுக்காமல் அரிசியை மட்டும் அள்ளிக்கொண்டதையும் திரைக்கு இந்தப் பக்கமிருந்து ஜெயக்கனி பார்த்தாள். இரண்டு பேரும் துணியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். பேச்சு குறைந்த அந்த நாட்களில்தான், தண்ணீர் லாரி வரிசையில் குடத்தில் கை வைத்தபடி உட்கார்ந்த சீனித்தாய், வரிசை நகர்ந்தபோது எழுந்திருக்கவில்லை.

குளிப்பாட்டிய பெண்கள் கத்தரியைக் கேட்டார்கள். ஜெயக்கனி கொடுக்கவில்லை. தானே உட்கார்ந்து, சீனித்தாயின் இருப்பதில் நல்ல ஜாக்கெட்டை எடுத்து, இரண்டு பக்கத் தையலையும் நூல் நூலாகப் பிரித்து, துணியில் ஒரு வெட்டுகூட விழாமல் போட்டுவிட்டாள். நேரமாகிறது என்று வெளியே ஆண்கள் சத்தம் போட்டார்கள். சேலையைக் கட்டி முடித்ததும், பழைய சேலையில் இருந்த ஊசியை எடுத்து, புதியதின் இடது தோளில், அதன் இடத்தில் குத்தினாள்.

காரியம் முடிந்து மிஷினில் உட்கார்ந்த முதல் நாள், சங்கு ஊதியபோது, ஜெயக்கனி வாசலைப் பார்க்காமல் இருப்பதற்காக ஒரே தையலை மூன்று தடவை ஓட்டினாள். வந்தவர்கள் வந்தார்கள், கேட்டார்கள், நாளைக்கு என்ற சொல்லை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக ஒருத்தி பக்கவாட்டில் கைகளை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, என் ஜாக்கெட்டு?"

மயில்கழுத்து நிறத்தில் ஒரு துணி. போன பங்குனித் திருவிழாவில் சீனித்தாய் தனக்கென்று ஆசைப்பட்டு எடுத்தது. வெளித் துணிகளுக்கு வழிவிட்டு, வழிவிட்டு, அலமாரியின் அடித்தட்டுக்குப் போய், வெட்டக்கூடப் படாமல் கிடந்தது. தையல்காரி வீட்டுத் துணிக்கு எப்போதும் அந்த இடம்தான். ஜெயக்கனிக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. அது பயத்தைவிட மோசமாக இருந்தது.

"கொக்கி மட்டும்தான் பாக்கி சீனி. நாளைக்கு வா."

சீனித்தாய் போகாமல் நின்றாள்.

"கொக்கி வைக்கவ நான்தான மதினி."

ஜெயக்கனி குனிந்து ஊசியில் நூல் கோத்தாள், அல்லது கோப்பதுபோல இருந்தாள். நிமிர்ந்தபோது சீனித்தாய் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். ஜெயக்கனி காலையிலேயே குளித்து, சங்கு ஊதுவதற்கு முன்பே வாசல் தெளித்து, அன்றைக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சூரத்திலிருந்து போன் வந்தது சீனி, ஒங்கண்ணன் அழுதான், நான் ஒன்னும் சொல்லல. பின்சுவர்ல மறுபடி ஓதம் ஏறுது சீனி. உளுந்து இந்தத் தடவை சரியில்ல, இட்லி கல்லா வருது. சீனித்தாய் தன் பழைய இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டாள். முதலில் சில நாட்கள், "ஊற வச்சது காணாது, இன்னும் ஊறணும்" என்பதுபோல ஏதாவது சொன்னாள். பிறகு ம் என்றாள். பிறகு அதுவும் இல்லை. மடியில் வேலை இல்லாத அவள் கைகள் விரல்களால் சேலை ஓரத்தைத் தடவி, எதையோ தேடி, கிடைக்காமல் ஓய்ந்தன. கார்த்திகை போயிற்று, தை போயிற்று. ஜெயக்கனி அவள் முகத்தை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டாள். ஆனால் போகும்போது கேட்கிற சத்தம் இருந்தது; ஒரு கால் ஊன்றி, மற்றக் கால் இழுபடுகிற சத்தம், தெருமுனைவரை.

திருப்பூருக்குத் திரும்பாமல் தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்துவிட்ட காளிராஜ், ஒரு நாள் அந்த வழியாகப் போனவன், சைக்கிளை நிறுத்தி, தெற்கே போகிற சீனித்தாயின் காலைப் பார்த்தான். ஜெயக்கனியைப் பார்த்தான். ஏறி மிதித்துப் போய்விட்டான்.

பங்குனியில் மறுபடியும் திருவிழாவுக்குக் கொட்டகை போட்டிருந்த ஒரு நாள், சங்கு ஊதி, எல்லாரும் வந்து போன பிறகு, சீனித்தாய் வந்து நின்றாள். உட்காரவில்லை. சுவரில் தொங்குகிற ஜாக்கெட்டுகளை, புது இடத்துக்கு வந்தவள்போல ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"யக்கா, ஜாக்கெட்டு ஆயிருச்சா?"

ஜெயக்கனி மிஷினை நிறுத்தினாள்.

"என்னைய என்னன்னு கூப்பிட்ட?"

சீனித்தாய் அவளைப் பார்த்தாள். வெள்ளத்தாய் தன் மகனைப் பார்த்த பார்வை அது.

வாய்க்குள் தயாராக இருந்த சொல் அப்படியே நின்றது. ஜெயக்கனி எழுந்து, திரையை விலக்கி, பின்னறைக்குள் போய், அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, முழங்கைவரை கையை விட்டாள். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, கொண்டுவந்து, சீனித்தாயின் பழைய இடத்தில், தரையில் வைத்தாள்.

சீனித்தாய் அதைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். பெயரெல்லாம் மறந்திருந்தவளுக்குக் கை மறக்கவில்லை. தோளிலிருந்து ஊசியை எடுத்து, கயிற்றில் தொங்கிய முதல் ஜாக்கெட்டைக் கை நீட்டி இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நூல் கோக்க மட்டும் கண் வரவில்லை. ஜெயக்கனி கோத்துக் கொடுத்தாள்.

அதிலிருந்து, தினமும் சங்கு ஊதியதும், செத்தவர்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள், செத்தவள் ஒருத்தி உள்ளே உட்கார்ந்து அவர்களுக்குக் கொக்கி வைத்தாள். சொந்தக்காரர்கள் கொதித்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்கு, உட்கார்ந்து வேலை செய்கிற சீனித்தாயைப் பார்த்ததும், சண்டையை யாரிடம் தொடங்குவது என்று தெரியவில்லை. கோடாங்கி, இதற்குள் செத்துப்போய் வரிசையில் நின்ற தன் தாயாரின் ஜாக்கெட்டைக் கயிற்றிலிருந்து உருவி வீட்டுக்குக் கொண்டுபோனார். தாயார் துணியின் பின்னாலேயே போய் அவர் வாசலில் நின்று, ஆயிருச்சா ஆயிருச்சா என்று விடியும்வரை கேட்டதில், காலையில் அவரே கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டு, "கெட்டியா வையி தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். காளிராஜ் ஆபீஸ் விட்டு வருகிற வழியில் உள்ளே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஊசியாக நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்தான். வாங்கினவர்கள் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் வரவில்லை. வரிசை குறைந்தது. பஜ்ஜிக்காரர் வண்டியைப் பழையபடி பஸ் ஸ்டாப்புக்கு மாற்றிக்கொண்டார். சுவரில் கயிறு மட்டும் நின்றது.

அன்றைக்கும் சீனித்தாய் வந்தாள். மடியில் போட ஒன்றும் இல்லாமல், வந்த இடத்தில் நின்று, "யக்கா, என் ஜாக்கெட்டு?" என்றாள்.

"நாளைக்கு" என்றாள் ஜெயக்கனி. அந்த வீட்டில் அந்தச் சொல் முதல் தடவையாகப் பொய்யில்லாமல் வந்தது.

அடித்தட்டிலிருந்து மயில்கழுத்துத் துணியை எடுத்து உதறினாள். மடிப்பு விழுந்த இடங்களில் நிறம் லேசாக வெளிறியிருந்தது. அளவு ஜாக்கெட் இல்லை. அது ஓடைக்கரைக்குப் போய்விட்டது. டேப்பும் வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ வருஷம் ஒரே பாயில் முதுகோடு முதுகாகப் படுத்தவளின் தோள் அகலம் ஜெயக்கனியின் கைக்குத் தெரியும். வெட்டினாள். தைத்தாள். கை இணைத்தாள், கழுத்துக்குப் பட்டி வைத்தாள். மத்தியானத்துக்குள் நிஜமாகவே கொக்கி மட்டும் பாக்கி இருந்தது. ஊசியை எடுத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தாள். அவள் வைத்த கொக்கிகள் எப்போதும்போல ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சாய்ந்து நின்றன. கடைசிக் கொக்கிக்கு வந்ததும் ஊசியைக் கீழே வைத்தாள். வெளியே பார்த்தாள். ஜாக்கெட்டை மடித்தாள். கேட்டால் மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு கொக்கிதானே.

சங்கு ஊதியபோது முத்துச்செல்வி வந்து மிஷினுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"கை முட்டி வரைக்கும் வேணும்க்கா. போன தடவ மாதிரி மேல ஏத்திராதிய. ஆபீஸ்ல மருந்து தெறிக்கி, கையெல்லாம் பொத்துப் போவுது."

"நீட்டு. மடக்காத."

"மடக்கல. நீங்கதான் வாசலையே பாக்கிய."

சீனித்தாய் உள்ளே வந்தாள். முத்துச்செல்வி ஒதுங்கி வழிவிட்டு, பேச்சை விட்ட இடத்தில் எடுத்து, கழுத்துக்கு நாடா வைக்கலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயக்கனி பையை நீட்டினாள். சீனித்தாய் ஜாக்கெட்டை வெளியே எடுத்து, உள்பக்கத்தைப் புரட்டி, கொக்கி வரிசையில் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். விரல் அடியில் வந்து நின்றது. அங்கேயே இருந்தது. ஜெயக்கனி அளவு டேப்பைச் சுருட்டி விரித்தாள், விரித்துச் சுருட்டினாள்.

சீனித்தாய் தன் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தோளிலிருந்து ஊசியை எடுத்து நீட்டினாள். ஜெயக்கனி நீல நூல் கோத்துக் கொடுத்தாள். டப்பாவைத் திறந்து பிடித்தாள். சீனித்தாய் ஒரு கொக்கியைப் பொறுக்கி, துணியில் வைத்து, சுற்றிச் சுற்றிக் குத்தி, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள். ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள். ஊசியைத் தோளுக்குக் கொண்டுபோகாமல், மிஷின் பலகையின் ஓரத்துத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள்.

"மேல் கொக்கி கோணலா இருக்கு மதினி" என்றாள்.

பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒரு கால் ஊன்றி, மற்றக் கால் இழுபட்டு, ஆபீஸ் விட்டு வருகிற பெண்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, தெற்கே பார்த்து.

"நாடா வேண்டாம்னா வேண்டாம். அப்ப எப்பக்கா வரட்டும்?" என்றாள் முத்துச்செல்வி.

"வெள்ளிக்கெழமை."

"வெள்ளிக்கெழமைன்னா இந்த வெள்ளியா, இல்ல ஒங்க வெள்ளியா?"

"இந்த வெள்ளி. கைய நீட்டு."

முத்துச்செல்வி கையை நீட்டிக்கொண்டு, சூப்பர்வைசர் அன்றைக்கு யாரைத் திட்டினான் என்று சொல்லத் தொடங்கினாள். ஜெயக்கனி, நீல நூல் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்த ஊசியைப் பலகையிலிருந்து பிடுங்கி, தன் இடது தோளில், முந்தானை மடிப்பில் குத்திக்கொண்டு, டேப்பை எடுத்தாள்.